நெபுலைசர் அண்ணனும் ஹாஜியாரின் வேன் பற்றரியும்

நெபுலைசர் அண்ணனின் கை பட்டு, முதல் தடவையிலேயே ஒழுங்காக வேலை செய்த இயந்திரம் இந்த மலைநாட்டில் எங்கும் கிடையாது. இதை நான் கோயிலிலும் சொல்வேன், பள்ளிவாசலிலும் சொல்வேன், தேவாலயத்திலும் சொல்வேன். மூன்று இடத்திலும் எனக்குச் சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது.

பிலிமத்தலாவையில் ரயில் பாதைக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில், ஹாஜியாரின் வீட்டில் குடியிருந்தோம். முன்பக்கம் ஹாஜியார் குடும்பம். பின்பக்கம் நானும் என் மனைவியும். மாடியில் நெபுலைசர் அண்ணனும் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவும். மாடிக்கு மேலே வெறும் கொங்கிரீட் ஸ்லாப். அங்கே ஹாஜியாரின் தண்ணீர்த் தாங்கி, எல்லோருடைய துணிக்கொடிகள், ஈரச் சாரங்களுக்கு நடுவே பீரங்கி மாதிரி அண்ணனின் தொலைநோக்கி.

பகலில் அவர் டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். பொழுது சாய்ந்தால் வானத்துக்குப் படப்பிடிப்பாளர். அதுவும் நிலா, சனிக் கிரகம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எடுக்கிறவர் இல்லை. "அதெல்லாம் கல்யாண ஃபோட்டோ மாதிரி தம்பி. யாரும் எடுத்துருவாங்க" என்பார். அவருக்கு வேண்டியது நெபுலா. விண்மீன்களுக்கிடையே கணக்கில்லாத தூரத்துக்குப் பரந்து கிடக்கிற வாயு மேகம். கண்ணால் பார்த்தால் யாரோ பீடி குடித்துவிட்டுப் போன மாதிரி ஒரு மங்கல். கெமராவை நிமிடக் கணக்கில் திறந்து வைத்துப் பல படங்கள் எடுத்து, அவற்றைக் கம்பியூட்டரில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த மங்கல் செம்பருத்தி மாதிரி மலரும் என்பார். மலர்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

அவருக்கு இந்தப் பெயர் வந்த விதம் சொல்ல வேண்டும். குடிவந்த புதிதில், எதிர்வீட்டு நிரஞ்சனி இருமல் மருந்து வாங்க பாமசிக்குப் போயிருக்கிறாள். அண்ணன் வழக்கம்போல, "சாயங்காலம் மழை இல்லாட்டி மாடியில நெபுலா வைக்கணும்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பாமசிக்காரர் வாயிலிருந்து நெபுலா என்று வந்தால் வேறு எப்படி விளங்கும்? நிரஞ்சனியின் மாமியாருக்கு நாள்பட்ட வீசிங். ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்துப் புகை பிடிக்க நெபுலைசர் முன்னால் வரிசையில் உட்கார வேண்டும். நம் ஒழுங்கையிலேயே ஓர் ஆள் மாடியில் வைக்கிறார் என்றால் சும்மா விடுவாளா?

அன்று மாலை மாமியாரைக் கைத்தாங்கலாக ஸ்லாப்புக்கு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஒவ்வொரு படிக்கும் அந்த அம்மாளுக்கு மூச்சு விசிலடித்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவர் கூப்பிடாமல் ஒருவர் வானம் பார்க்க வந்தது அதுவே முதல் தடவை.

"வாங்க, வாங்க. ஒக்காருங்க. இந்தக் குழாய்லதான்."

அந்த அம்மாள் கதிரையில் உட்கார்ந்தார். குழாயைப் பார்த்தார். கண் வைத்துப் பார்க்கிற துவாரத்தில் வெற்றிலை போட்ட வாயை வைத்து, நன்றாக இழுத்து ஒரு மூச்சு எடுத்தார்.

அண்ணன் ஓடிப்போய்க் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"பொகை வரலியே தம்பி?" என்றார் அந்த அம்மாள், வாயைத் துடைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு எல்லாம் விளங்கி, அண்ணனே பாமசிக்கு ஓடிப்போய் அந்த அம்மாளின் வழக்கமான மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் அந்த அம்மாள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "மருந்துக்கு முன்னமே லேசாயிருச்சு. அந்தக் குழாய்ல ஏதோ இருக்கு" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் நெபுலைசர். கண்ணாடியில் படிந்த வெற்றிலைச் சாற்றைத் துடைத்து எடுக்க அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

இயந்திரங்களுக்கு அவர் வைத்தியம் பார்க்கிற முறையே தனி. கெமரா படம் அனுப்பவில்லையா? திட்டமாட்டார், தட்டமாட்டார். குனிந்து, கரிசனத்தோடு கேட்பார்: "எப்பயிருந்து இப்பிடி இருக்கு?" பிறகு என்னைப் பார்த்துச் சொல்வார்: "காலையில ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு ரீஸ்டார்ட். மூணு நாளைக்குக் குடுத்துப் பாப்போம்." அதிலும் குணமாகாவிட்டால் கேபிள். எந்த நோயும் கடைசியில் கேபிளில் வந்து முடியும் என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை. வீட்டில் ஓர் அலுமாரி நிறையக் கேபிள் இருந்தது. அந்த அலுமாரியில்தான் ஸ்டெல்லா அக்காவின் சேலைகள் முன்பு இருந்தனவாம்.

நான் எப்படி இதற்குள் மாட்டினேன் என்று கேட்டால், எனக்கும் தெரியாது. ஒரு மாலை துணி எடுக்க ஸ்லாப்புக்குப் போனேன். "தம்பி, இந்த டோர்ச்ச ஒரு நிமிஷம் புடிங்க" என்றார். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமல் இருக்க, வெசாக் பண்டிகை விளக்குக் கூட்டிலிருந்து கிழித்த சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச். நான் அதைக் கீழே வைக்க இரண்டு வருடம் ஆயிற்று.

முதல் பிரச்சினை துருவ நட்சத்திரம். நட்சத்திரங்கள் நகர நகர, தொலைநோக்கியும் அதே வேகத்தில் மெதுவாகத் திரும்ப வேண்டும். அதற்கு முதலில் தாங்குகிற மோட்டரைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரே நிறுத்தவேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் செய்யும் வீடியோக்களில் அது வீட்டுக் கூரைக்கு மேலே ஜம்மென்று நிற்கிறது. நம் ஊருக்கு அது அடிவானத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற நட்சத்திரம். எங்கள் ஸ்லாப்பிலிருந்து பார்த்தால் அது இருக்க வேண்டிய இடத்தில் ஹாஜியாரின் பலாமரம் இருந்தது.

அண்ணன் போய்க் கேட்டார்.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஒரு நட்சத்திரம் தெரியல்ல எண்டு என்ட மரத்த வெட்டவா?"

"மரத்த இல்ல ஹாஜியார். அந்த ஒரு கொப்பு."

"அந்தக் கொப்புலதான் காய்க்கிற. பலா வெட்ட பேர்மிட் எடுக்கோணும், தெரியுமா? அரசாங்கக் கச்சேரில போய் என்ன காரணம் எழுதச் சொல்ற? வானத்த மறைக்குது எண்டா?"

கடைசியில் அண்ணன் துருவ நட்சத்திரமே தேவையில்லாத ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்தார். வானத்தில் இரண்டு மூன்று இடங்களைப் படம் எடுத்துக் கொடுத்தால் அதுவே கணக்குப் போட்டு, மோட்டரை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்லும். சொல்லியது. நாங்கள் திருப்பினோம். அடுத்த மாலை பார்த்தால், கொடியில் துணி காயப்போட வந்த என் மனைவி தொலைநோக்கியின் முக்காலியை "வழியில நிக்குதே" என்று தள்ளி வைத்திருந்தாள்.

இரண்டாவது பிரச்சினை பனி. கண்டிப் பக்கத்துக் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும். பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடி வேர்த்துவிடும். அதற்குச் சூடு கொடுக்கும் பட்டிகள் விற்கிறார்களாம். அவை வரும்வரை ஸ்டெல்லா அக்காவின் ஹெயார் டிரையர் ஸ்லாப்புக்கு ஏறியது. பட்டிகள் வந்த பிறகும் அது கீழே இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா ஈரத் தலையோடு பூசைக்குப் போவதை ஒழுங்கையே பார்த்தது.

ஒரு நாள் அக்கா ஸ்லாப்புக்கே வந்துவிட்டார். நான் டோர்ச்சோடு துணிகளுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"ஸ்டெல்லான்னா என்ன அர்த்தம்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியுமே. நட்சத்திரம்."

"கல்யாணம் கட்டி இத்தன வருஷத்துல என்னைய ஒரு நாளாச்சும் இப்பிடிக் கண்ணெடுக்காமப் பாத்திருக்கீங்களா?"

அண்ணன் யோசித்தார். அதுதான் அவர் செய்த தவறு. யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீ ரொம்பக் கிட்ட இருக்க ஸ்டெல்லா. ஃபோகஸ் வராது."

அக்கா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் வானம் தெளிவாக இருந்ததால் அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

மூன்றாவது பிரச்சினைதான் அண்ணனை நடுத்தெருவுக்குக் கொண்டுவரப் பார்த்தது. மோட்டர் ஒழுங்காகத் திரும்புகிறதா என்று இன்னொரு சின்னக் கெமரா கவனித்துக்கொண்டே இருக்கும். அது பார்ப்பதை லெப்டொப் ஒரு கோடாக வரைந்து காட்டும். கோடு படுத்திருந்தால் நட்சத்திரம் புள்ளியாக விழும். கோடு துள்ளினால் நட்சத்திரம் நூடில்ஸ். எங்கள் கோடு தினமும் இரவு இஷா தொழுகை நேரம் நெருங்கும்போது பேய் பிடித்த மாதிரி துள்ளியது.

முதலில் கேபிள் என்றார். மாற்றினார். பிறகு ரயில் அதிர்வு என்றார். ரயில் வேலைநிறுத்தம் நடந்த நாளிலும் கோடு துள்ளியது. பிறகு மோட்டருக்குள் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்று, ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் முழுவதையும் சாப்பாட்டு மேசையில் கழற்றிப் போட்டுக் கிறீஸ் தடவி மறுபடி பூட்டினார். ஓர் ஆணி மிஞ்சியது. "கொம்பனிக்காரன் ஒண்ணு கூடப் போட்டிருக்கான்" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலையும் துள்ளியது. கோபத்தில் ஸ்லாப்பில் கால் நீட்டி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்தார். "தம்பி, குந்திப் பாருங்க." குந்திப் பார்த்தேன். அடியில் கிர்ரென்று அதிர்ந்தது.

தண்ணீர் மோட்டர். ஹாஜியார் தொழுகைக்கு முன் கைகால் கழுவவும் குளிக்கவும், தாங்கியை நிரப்பப் போடுகிற மோட்டர். முக்காலியின் ஒரு கால் தாங்கிக்குப் போகிற பைப்பின் மேல் சாய்ந்துகொண்டு நின்றது. முக்காலியை ஒரு சாண் தள்ளி வைத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் கண்டுபிடித்த உற்சாகத்தில் அண்ணன் படியிறங்கி ஓடிப்போய் மோட்டர் சுவிட்சை அணைத்துவிட்டார். தாங்கியில் அன்று சொட்டுத் தண்ணீர் இருக்கவில்லை.

மேலே கோடு பாய் விரித்த மாதிரி படுத்தது. "பாருங்க தம்பி! பாருங்க! குணமாயிருச்சு!" என்று அவர் என்னைக் கட்டிப்பிடித்த அதே நேரம் கீழே குளியலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

சாரத்தோடு, தலை முதல் நெஞ்சுவரை நுரையோடு, ஒரு கண்ணை மட்டும் திறந்தபடி ஹாஜியார் ஸ்லாப்புக்கு ஏறி வந்தார். அவர் ஸ்லாப்புக்கு வந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தண்ணிய நிப்பாட்டின ஆரு?"

"ஹாஜியார், ஒரே ஒரு பத்து நிமிஷம். கோடு இப்பத்தான்..."

"கோடா? சவுக்காரம் கண்ணுக்குள்ள போய் எரியுது. தொழுகைக்கு நேரம் போகுது. ஒமக்குக் கோடா?" ஹாஜியார் அதிர்ந்து பேசாத மனிதர். அப்போதும் அதிர்ந்து பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, நல்லாக் கேளுங்க. நோம்பு வாறத்துக்கு முந்தி வேற வீடு பாருங்க."

அவர் சொன்னால் சொன்னதுதான். ஸ்டெல்லா அக்கா மறுநாளே பெட்டிகளைத் தட்டி எடுக்க ஆரம்பித்தார். தன் சொந்த ஊரான நாவலப்பிட்டிக்கே போய்விடலாம் என்றார். அண்ணன் முக்காலியை ஒரு சாண் தள்ளி வைத்தார். அன்று மாலை கோடு துள்ளவில்லை. ஆனால் அதன் பிறகு அவரும் சில நாட்கள் ஸ்லாப்புக்கு வரவில்லை. கேபிள் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் டொலர் இல்லாமல் நாட்டுக்கே கரண்ட் போனது. கேஸ் இல்லை, பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, அதோடு மணிக்கணக்கில் மின்வெட்டு. ஒரு மாலை இருட்டும் நேரத்தில் மின்சாரம் போனதும், பிலிமத்தலாவை முழுவதும் கறுப்பானது. கண்டிப் பக்கம் வானத்தில் எப்போதும் தெரிகிற அந்த மஞ்சள் வெளிச்சமும் இல்லை. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் எல்லோரும் வெளியே வந்தோம். மேலே பார்த்தோம். அவ்வளவு நட்சத்திரங்கள் அங்கே இருந்தன என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

அண்ணன் மாடி வராந்தாவில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வானம் இப்பிடிக் கெடக்கு. எடுக்கலியா?"

"எதுல எடுக்கிறது தம்பி? ஒரியன் நெபுலா தலைக்கு நேரா நிக்குது. ஊர்ல ஒரு லைட் இல்ல. எனக்குக் கரண்டும் இல்ல." அவர் லெப்டொப்பின் பற்றரி எப்போதோ செத்துப்போய், அது வயரோடுதான் உயிர் வாழ்ந்தது. வாகனப் பற்றரியிலிருந்து மின்சாரம் எடுக்கிற ஓர் இன்வேட்டர் பெட்டி அவரிடம் இருந்தது. வாகனம்தான் இல்லை.

முற்றத்தில் கதிரை போட்டு விசிறிக்கொண்டிருந்த ஹாஜியாருக்கு இது கேட்டிருக்கிறது. அவருடைய வேன் டீசல் இல்லாமல் வாரக்கணக்கில் பலாமரத்தின் கீழே நின்றது. அவர் எழுந்து போனார். வேன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஸ்பெனர் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க, பற்றரியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார்.

"டீசல் இல்லாத வேனுக்கு பற்றரி என்னத்துக்கு? இந்தாங்க. எடுங்க ஒங்கட படத்த."

அண்ணன் நன்றி சொன்னாரா என்று நினைவில்லை. பற்றரியை வாங்கிக்கொண்டு ஓடினார்.

ஒழுங்கையே ஸ்லாப்புக்கு வந்துவிட்டது. நிரஞ்சனி வந்தாள். அவள் மாமியாரும், "இந்தக் காத்து நல்லது" என்று வந்தார். நான் டோர்ச் பிடித்தேன். மோட்டர் ஓடியது. கோடு படுத்தது. கெமரா திறந்தது. லெப்டொப்பில் முதல் படம் வந்தது.

கறுப்பு. சுத்தமான கறுப்பு.

"கேபிள்" என்றார் அண்ணன். மாற்றினார். கறுப்பு. ரீஸ்டார்ட் கொடுத்தார். கறுப்பு. "மென்பொருள்ல ஏதோ... இல்ல, கெமராவே போயிருச்சோ..." முதல் தடவையாக அவர் வாயிலிருந்து மருந்தில்லாத ஒரு நோயின் பெயர் வந்தது. சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹாஜியார் விசிறுவதை நிறுத்திவிட்டார்.

ஸ்டெல்லா அக்கா தொலைநோக்கிக்கு முன்னால் போய் நின்றார். குனிந்து பார்த்தார்.

"இது என்னோட குளிக்கிற தொப்பிதானே? பூப்போட்டது?"

பனி படாமல் இருக்க, அண்ணன் குழாயின் வாயில் அந்த ரப்பர் தொப்பியை மாட்டியிருந்தார். கழற்ற மறந்துவிட்டார். "இத நான் கிறிஸ்மஸ்ல இருந்து தேடுறேன்" என்று அக்கா அதை உருவி எடுத்தார்.

அடுத்த படம் வந்தது.

கறுப்புக்கு நடுவே, இறகு விரித்த பறவை மாதிரி, இளஞ்சிவப்பாக ஒன்று. ஓரங்களில் நீலம். நடுவே வைரப் பொடி மாதிரி நாலைந்து நட்சத்திரம். எல்லாம் புள்ளி, ஒன்றும் நூடில்ஸ் இல்லை. அண்ணன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா அவர் முதுகில் கை வைத்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார் ஹாஜியார் மெதுவாக. "இது எவ்வளவு தூரம் தம்பி?"

"இந்த வெளிச்சம் அங்கயிருந்து பொறப்பட்டு ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆவுது ஹாஜியார்."

ஹாஜியார் இருண்டு கிடந்த ஊரைப் பார்த்தார். திரும்பி மேலே பார்த்தார். "அங்க மட்டும் கரண்ட் கட் இல்ல போல."

நிரஞ்சனியின் மாமியார் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இதத்தான் நான் அன்னைக்கு இழுத்தேனா?" என்று கேட்டார். எங்கள் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

விடிந்தபோது டவுனுக்கு டீசல் வந்துவிட்டதாகச் செய்தி பரவியது. ஹாஜியார் வாரக்கணக்கில் காத்திருந்த டீசல். பற்றரியை ஓடி ஓடி வேனில் பூட்டினோம். சாவியைத் திருப்பினார். ஒரு முனகல் கூட இல்லை. நெபுலா கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டிருந்தது.

அண்ணன் ஹாஜியாரின் முகத்தைப் பார்க்காமல் வேனின் பின்பக்கம் போய் நின்று தோளைக் கொடுத்தார். நானும் கொடுத்தேன். ஒழுங்கை ஆண்களெல்லாம் கொடுத்தார்கள். ஹாஜியார் உள்ளே ஸ்டியரிங் பிடித்தார். வெயிலில் வியர்க்க வியர்க்க, டீசல் வரிசையின் வால் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். ஏற்றத்தில் மூச்சு முட்டும்போது, ஹாஜியார் ஜன்னலால் தலையை நீட்டிக் கேட்டார்:

"தம்பி, அதப் பெருசாப் பிரிண்ட் எடுக்க ஏலுமா? ஹோல்ல மாட்டலாம்."

வீடு விடுகிற கதையை அதற்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை. நோன்பு வந்தது, பெருநாளும் வந்தது, மாடிக்கு இனிப்பு வட்டிலப்பம்கூட வந்தது.

ஆனாலும் அடுத்த வருடம் அவர்கள் போனார்கள். ஸ்டெல்லா அக்காவின் அண்ணன் நாவலப்பிட்டியில் சொந்தமாக ஒரு பாமசி திறந்தார். பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டியிருந்தது. நட்சத்திரம் படம் எடுக்கிற ஒரு மனிதன், வருடத்தில் பெரும்பகுதி மழை கொட்டுகிற ஊரைத் தேடிப் போனதை என்னவென்று சொல்வது? லொறியில் சாமான் ஏற்றும்போது கேட்டேன். "மழையெல்லாம் ஒரு அறிகுறிதான் தம்பி. நோய் இல்ல" என்றார்.

போன கிழமை ஃபோன் எடுத்தார். இன்னும் பெரிய குழாய் ஒன்று வாங்கிவிட்டாராம். பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அங்கே மழை விடவேயில்லையாம். மென்பொருள் புதுப்பித்தாயிற்று, கேபிள் மாற்றியாயிற்று, வானத்தைத்தான் ரீஸ்டார்ட் பண்ண முடியவில்லை என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இங்க வானம் கண்ணாடி மாதிரி கெடக்கு அண்ணே. அக்காவையும் கூட்டிக்கிட்டு, குழாயையும் தூக்கிக்கிட்டு சனிக்கிழம வாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் அக்காவிடம் ஏதோ சொன்னார். பிறகு கேட்டார்: "அது என்ன தம்பி, ஃபோன்ல சோன்னு ஒரு எரைச்சல்?"

எங்கள் பின்பக்கச் சமையலறையின் தகரக் கூரையில் மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. என் மனைவி வாளியைத் தேடி ஓடிக்கொண்டிருந்தாள்.

"வடை சுடுறாங்கண்ணே."

"அப்ப ரெண்டு எனக்கு எடுத்து வைங்க" என்றார். "சனிக்கிழம வர்றோம்."